ஷெட்டில் நிற்கும் பழைய காருக்குப் பாட்டும் வெளிச்சமும்

செட்டிநாட்டில் பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே நிலைமைதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அம்பாசடரோ பத்மினியோ மாருதி 800-ஓ ஷெட்டுக்குள் துணி போர்த்தி நிற்கும். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ ஊருக்கு வருகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பட்டிக்கும் கானாடுகாத்தானுக்கும் இரண்டு நடை போய்வருவார்கள். பிறகு மறுபடி துணி. இப்படிப்பட்ட காருக்கு உள்ளே பாட்டும் விளக்கும் வைக்க வேண்டும் என்றால், தினமும் ஓடும் காருக்குச் செய்வதுபோலச் செய்யக்கூடாது. முதலில் கரண்டைச் சரிபண்ண வேண்டும். ஸ்பீக்கர் வாங்குவதெல்லாம் அப்புறம். அதோடு, திரும்பப் பழையபடி ஆக்க முடியாத ஓட்டை ஒன்றுகூட உடம்பில் விழக்கூடாது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. வெட்டிய டேஷ்போர்டுக்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

பானட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். எந்த முனையிலிருந்து வரும் பட்டை பாடியில் முறுக்கியிருக்கிறது? நெகட்டிவ் என்றால் கவலையில்லை. பாசிட்டிவ் என்றால் அது பாசிட்டிவ் எர்த் வண்டி. 1960-களின் பழைய வண்டிகளில் இது சகஜம். இப்போது விற்கும் ஸ்டீரியோ பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்குத்தான் செய்யப்படுகிறது. அதன் இரும்புக் கூடே நெகட்டிவ் என்பதால், பாசிட்டிவ் எர்த் வண்டியின் டேஷில் அதை மாட்டியதுமே ஷார்ட் ஆகும். டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) உள்ள வண்டியை நெகட்டிவுக்கு மாற்றுவது அரைநாள் வேலை. பேட்டரியைத் திருப்பி வையுங்கள். டைனமோவின் டி, எஃப் வயர்களைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஒரு நொடி, இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். இதில் டைனமோவின் காந்தத்துருவம் மாறும். பிறகு இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும், ஆம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். துருவம் மாற்றும் படியை விட்டுவிட்டு இஞ்ஜினை ஓடவிட்டால் டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டின் பாயிண்டுகள் கருகும்.

அடுத்தது கணக்கு. பழைய லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது 22 ஆம்பியர். ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. இரவில் ஹெட்லைட்டுக்கு 7 அல்லது 8 ஆம்பியர், டெயில் லைட்டுக்கும் மீட்டர் பல்புகளுக்கும் 2, இக்னிஷனுக்கு 3 அல்லது 4. மழை வந்து வைப்பரும் ஓடினால் இன்னும் 3. மிச்சம் 5 ஆம்பியர்தான். அதனால் டைனமோ வண்டிக்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். ஸ்டீரியோவே ஓட்டக்கூடிய நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். பெட்டியில் "4க்கு 50 வாட்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது, அதாவது ஆர்.எம்.எஸ்., ஒரு சேனலுக்கு சுமார் 20 வாட். அந்த 20 வாட்டில் கணீரென்று கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் வெறும் 3 என்று தோன்றும். ஆனால் அதே சத்தத்துக்கு 91 பாதி வாட்டைத்தான் கேட்கும். ஸ்பீக்கரின் மேல் அச்சடித்த 300 வாட், 400 வாட் என்பதெல்லாம் அது தாங்கும் அளவைத்தான் குறிக்கிறது. அதைப் பார்த்து வாங்காதீர்கள்.

டைனமோவுக்குப் பதில் அல்டர்னேட்டர் உள்ள வண்டியில் சிறிய டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒன்று, சேனலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். வீதம் நாலு சேனல், தாராளமாக வைக்கலாம். 200 வாட் சத்தத்துக்கு அது ஏறத்தாழ 250 வாட் இழுக்கும். 13.5 வோல்ட்டில் 18, 19 ஆம்பியர். பழைய ஏ.பி. வகுப்பு ஆம்ப் அதே வேலைக்கு 25-ஐத் தொடும், சீட்டுக்கடியில் அடுப்பு மாதிரி சுடவும் செய்யும். நம் ஊர் வெயிலுக்கு டி வகுப்புதான் பொருத்தம்.

இந்த ஆம்புக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். ஸ்டீரியோவுக்குக் கரண்ட் தரும் மஞ்சள் வயரிலிருந்து கிளை எடுப்பதுதான் நாம் பார்க்கும் மிகப் பெரிய தப்பு. பேட்டரியிலிருந்து சீட்டுவரை நாலரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் போகும்போது 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.15 வோல்ட்தான். வாங்கும்போது ஒரு இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனுக்குச் செம்பில் பாயும் கரண்டில் மூன்றில் இரண்டு பங்குதான் அதில் பாயும். முறுக்கிய இடம் கொஞ்ச நாளில் தளர்ந்து சூடாகும். உள்ளும் சிவப்பாக இருப்பதையே வாங்குங்கள்.

30 ஆம்பியர் ஃப்யூஸைப் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் போட வேண்டும், ஆம்புக்குப் பக்கத்தில் அல்ல. ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. வயர் பயர்வாலில் (இஞ்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) உரசி ஷார்ட் ஆனால், அதற்குமுன் ஃப்யூஸ் இருந்தால்தான் தீப்பிடிக்காது. பயர்வாலில் புது ஓட்டை போடாமல், ஸ்பீடோமீட்டர் கேபிளோ ஸ்டீரிங் தண்டோ போகும் வழியில் இடம் பார்த்து, ரப்பர் வளையம் (கிரோமெட்) மாட்டி வயரை விடுங்கள். இணைப்புகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றவே கூடாது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, வயர் அம்மணமாக நிற்கும். வயர் முனையில் மாட்டும் லக்கில் நசுக்கி இறுக்கி (கிரிம்ப்) ஹீட்-ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

எர்த்துக்கு ஒரு வார்த்தை. ஆம்பின் எர்த் வயர் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். தரைத் தகட்டில் ஏற்கெனவே உள்ள ஒரு போல்ட்டைச் சுற்றி பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளபளக்கும்வரை கொண்டுவாருங்கள். நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொட வேண்டாம். பிறகு பாட்டைச் சத்தமாக வைத்து, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பழைய பின்னல் பட்டையே செம்மண் தூசியும் துருவும் ஏறி நைந்திருக்கும். அதை மாற்றினால் ஹெட்லைட்டும் சேர்ந்து பிரகாசமாகும்.

எர்த் சரியான பிறகும் இரைச்சல் வந்தால், காதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க "ஊய்ங்" என்று ஏறினால் சார்ஜிங்கிலிருந்து வருவது. ஆம்புக்கு வரும் பவர் வயரையும் ஆடியோ வயரையும் ஒரே பக்கமாக இழுத்திருப்பார்கள். ஒன்றை வலது கதவுப் படி ஓரமாகவும் மற்றதை இடது ஓரமாகவும் கொண்டுபோக வேண்டும். "டிக் டிக்" என்று வேகத்தோடு துரிதப்பட்டால் இக்னிஷன். ரெசிஸ்டர் பிளக்கும் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் கார்பன் ஹெச்.டி. வயரும் போட்டால் பெரும்பாலும் அடங்கும். காயிலின் சப்ளை பக்கம் 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் கண்டென்சரும் வைக்கலாம், பாயிண்டுக்குப் போகும் பக்கம் வைக்கக் கூடாது. டைனமோவிலும் அப்படியே. டி முனையில் வைக்கலாம், எஃப் முனையில் ஒருபோதும் வேண்டாம்.

ஸ்டீரியோவை எங்கே வைப்பது? பழைய ரேடியோ டேஷில் அப்படியே இருந்தால், அது ஓடாவிட்டாலும் கழற்றாதீர்கள். புளூடூத் உள்ள சின்ன ஆம்பை சீட்டுக்கடியில் வைத்து, வால்யூம் குமிழை மட்டும் டேஷுக்கு அடியில் ஒரு தகட்டில் மாட்டலாம். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆம்பைத் தரையில் நேராக வைக்காமல், ஓர் அங்குல பிளைவுட் கட்டையின் மேல் வையுங்கள். பழைய வண்டியில் கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வந்தே தீரும். ஸ்டீரியோவே வைப்பதானால் சிங்கிள் டின் என்ற வழக்கமான ஒற்றை அளவின் முகம் 180க்கு 50 மில்லிமீட்டர். குளோவ் பாக்ஸுக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள். மஞ்சள் வயர் நிரந்தர சப்ளை, சிவப்பு சாவி சப்ளை, கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்பும் வயர். ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை முன்-இடது, சாம்பல் முன்-வலது, பச்சை பின்-இடது, ஊதா பின்-வலது. கறுப்புக் கோடு போட்டவை அவற்றின் நெகட்டிவ்.

முன் கதவுக்கு 6.5 இன்ச் ஸ்பீக்கர் போட ஆசை இருந்தால், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கதவு அட்டையிலிருந்து கண்ணாடிவரை ஆழத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பீக்கருக்கு 55 முதல் 65 மில்லிமீட்டர் வேண்டும். பழைய கதவு அட்டையை வெட்டாமல், அதையே அச்சாக வைத்து 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். பழசு பரணில் இருக்கட்டும். கண்டாங்கித் துணியில் கதவு அட்டை போர்த்தினால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அதே துணியை ஸ்பீக்கர் வாய்க்கு மேல் இழுக்க வேண்டாம். சோதனை எளிது: துணியை உதட்டில் ஒட்டி ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போகாத துணி, மேல்ஸ்தாயி ஓசையையும் விடாது.

பின்னால் பார்சல் ட்ரேயில் 6க்கு 9 இன்ச் ஓவல். பழைய ஹார்ட்போர்டு அதிரும், அதனால் 12 மில்லிமீட்டர் மெரைன் பிளை வெட்டி, தகட்டில் ஏற்கெனவே உள்ள துளைகள் வழியாக நாலு போல்ட் போட்டு இறுக்குங்கள். வெறுமனே எடுத்துவைத்த பலகை, பிரேக் அடித்தால் பின்சீட்டில் இருப்பவர் பிடரிக்கு வரும். எம்.டி.எஃப். வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும். பின் கண்ணாடி வழியாக நேர் வெயில் விழும் இடம் என்பதால் ஃபோம் விளிம்புள்ள ஸ்பீக்கர் சில வருஷத்தில் பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பும் பாலிபுரொப்பிலீன் கோனும் உள்ளதாகப் பாருங்கள். மாட்டுமுன் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே எழுந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் மாட்டிவிட்டால் தவில், மிருதங்கத்தின் அடிச்சத்தம் காணாமல் போகும். ஸ்பீக்கர் மட்டம் என்று கடைக்காரர் மேல் பழி விழும்.

கதவுத் தகட்டுக்குள் அதிர்வை அடக்கும் 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் ஒட்டுவது செலவுக்கு மேல் பலன் தரும் வேலை. முழுக்க ஒட்டத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும், கதவுக்கு 2 சதுர அடிக்குள் முடியும். தார் ஷீட்டைப் பியூட்டைல் என்று விற்பார்கள். ஒரு துண்டை உச்சிவெயிலில் ஷெட்டுத் தகரத்தின் மேல் போட்டு வையுங்கள். தார் வாசனை வந்து இளகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

விளக்குக்கு வருவோம். பழைய காருக்கு 3000 கெல்வின் மஞ்சள்தான் அழகு. நீலம் கலந்த வெள்ளையும் ஓடும் வண்ணங்களும் அந்த மரத்துக்கும் ரெக்சினுக்கும் ஒட்டாது. கூரை விளக்கில் பெரும்பாலும் குழாய் வடிவ ஃபெஸ்டூன் பல்பு இருக்கும். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று நீளங்கள் உண்டு, பழசை அளந்து வாங்குங்கள். எல்.இ.டி. எரியவில்லை என்றால் திருப்பி மாட்டுங்கள், துருவம் மாறியிருக்கும். கால் வைக்கும் இடத்துக்கு மீட்டருக்கு 4.8 வாட் ஸ்டிரிப் போதும், 14.4 வாட் வகை கண்ணைக் குத்தும். மூன்று எல்.இ.டி.க்கு ஒரு வெட்டுக்குறி இருக்கும், அங்கே மட்டும் வெட்டலாம். பின்பக்கப் பசை நம் வெயிலில் நிற்காது. அலுமினியச் சேனலில் வைத்து, டேஷின் கீழ் விளிம்பில் பல்பு கண்ணில் படாதபடி தரையைப் பார்க்க மாட்டுங்கள். இஞ்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட்வரை ஏறுவதால் மலிவு ஸ்டிரிப் சீக்கிரம் கருகும். சிறிய 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று இடையில் போடலாம். மலிவு டிம்மர்கள் எஃப்.எம்.மில் இரைச்சல் கிளப்பும். கோடைப் பண்பலை 100.5 மாதிரி தூரத்திலிருந்து வரும் நிலையத்தில் இது உடனே தெரியும்.

மீட்டர் பல்புகளை மாற்றும்போது ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: சிவப்பு சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு. பல அல்டர்னேட்டர்களில் ஃபீல்டை (காந்தச் சுருளை) எழுப்பும் முதல் கரண்ட் அந்த 2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. அங்கே எல்.இ.டி. போட்டால் அல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலே இருந்துவிடலாம். பிறகு நல்ல அல்டர்னேட்டரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் எர்த் பட்டையைக் கழற்றி, இடையில் மல்ட்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வையுங்கள். 50-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த 50 மில்லிஆம்பியரே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதியாகும். ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் 10 வாட் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இரண்டே கால் நாளில் முழுக்கத் தீர்ந்துவிடும். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிவரை போய்வந்தால் அந்த இழப்பு ஈடாகாது. ஆகவே எர்த் முனையில் திருகு வகை கட்-ஆஃப் ஒன்று போட்டு, ஷெட்டைப் பூட்டுமுன் திருகிவிடுங்கள். சும்மா நிற்கும் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜர் போட வேண்டும் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். புது வயர்களை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, பயர்வால் இடுக்குகளில் இரும்புக் கம்பளி அடையுங்கள், எலி வராது. கழற்றிய பழைய அட்டை, பல்பு, திருகு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டி, டிக்கியிலேயே வைத்துவிடுங்கள்.