ஊற்றுக் குறிப்புகள்

பிப்ரவரி 9
சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஊற்றுக்கண். வெள்ளை மணல் ஓயாமல் புரள்கிறது. ஒரு துகள் மேலெழும்பி, அரைவட்டம் அடித்து, புறப்பட்ட இடத்திலேயே விழுகிறது. காலையில் வெளியே நல்ல குளிர், மதியம் கொளுத்தும் வெயில். தண்ணீரில் வைத்த தெர்மாமீட்டர் இரண்டு வேளையும் ஒரே அளவைத்தான் காட்டியது. பாறைக்குள் நெடுநாள் தங்கி வரும் தண்ணீர்.

பிப்ரவரி 11
இந்த ஊற்றுக்கு அடியே கிடையாதாம். எந்த ஊற்றுக்குத்தான் இந்தக் கதை இல்லை! பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றில் 1878-ல் ஒருவர் முக்குளித்து 23 மீட்டர் வரை போனார். 1946-ல் இறங்கிய கடல் ஆய்வாளர் குஸ்தோவின் குழு, சிலிண்டரில் நச்சுக்காற்று கலந்திருந்ததால் செத்துப் பிழைத்தது. 1985-ல் ஒரு ரோபோ 308 மீட்டரில் மணல் தரையைத் தொட்டது. ஆக, அடி இருக்கிறது. ஆனால் ஊற்றில் வருவது எந்த மழையின் தண்ணீர் என்று ரோபோ சொல்லாது.

பிப்ரவரி 12
நல்ல மழை. போகவில்லை.

பிப்ரவரி 13
ஊற்று கலங்கியிருக்கிறது! ஒரே இரவில். மெதுவாகக் கசியும் வழியோடு, மழைநீர் நேரே பாயும் வழியும் ஒன்று இருக்க வேண்டும்.

பிப்ரவரி 14
ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் தரைக்குள் மறைகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, 1877-ல் அங்கே 10 கிலோ சாயமும் 20 டன் உப்பும் கரைத்தார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் ஊற்று பச்சையாக ஓடியது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: 1901 ஆகஸ்டில் பிரான்சின் பொந்தார்லியேயில் அப்சிந்த் மது ஆலை எரிந்தது. சரக்கை டூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். இரண்டு நாளில் லூ ஆற்றின் ஊற்றுக்கண்ணில் மது வாடை! லூவின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கேட்காமலே கிடைத்த பதில்.

பிப்ரவரி 16
மேட்டில் ஏறித் தேடினேன். ஓடை ஒன்று ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. குழி நிறையக் குப்பை மூட்டைகள், ஒன்றில் கோழி இறகு. 1891-ல் குகை ஆய்வாளர் மார்த்தெல் ஒரு ஊற்றில் தண்ணீர் குடித்து நோயில் விழுந்தார்; மேலே குழிக்குள் அழுகிய கன்றுக்குட்டி கிடந்தது. இப்படிக் குழிகளில் செத்த விலங்குகளைப் போடுவதை 1902-ல் பிரான்சில் சட்டமே தடுத்தது.

இந்தக் குழியின் தண்ணீர்தான் ஊற்றுக்கு வருகிறதா என்று சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன், கீழே ஊற்றில் குடிப்பவர்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால் மூட்டைகளை வெளியே எடுக்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் கையுறையோடு வாருங்கள்.