மைன்ஸ் முடியப்பர் கோயிலில் ஒரு நீல மதியம்

பிராங்க்பர்ட்டில் வேலை சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. விமானம் ஞாயிறு இரவு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் சாத்திவிடுவார்கள் என்பதால், வீட்டுக்கு வாங்க வேண்டிய சாக்லேட்டை முந்தின நாளே வாங்கிப் பெட்டியில் அடைத்தாயிற்று. மிச்சமிருந்த பகல் பொழுதுக்கு மைன்ஸ். விமான நிலையத்தைத் தாண்டிப் போகும் அதே புறநகர் ரயில்தான், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

மைன்ஸ் என்றால் குட்டன்பர்க். அச்சு எழுத்துகளைக் கோத்து பைபிள் அச்சடித்த மனிதரின் ஊர். வருகிறவர்கள் அவருடைய அருங்காட்சியகத்தையும் ஆயிரம் வயதான பேராலயத்தையும் பார்த்துவிட்டு ரைன் நதிக்கரையில் ஒயின் குடிக்கப் போய்விடுவார்கள். நான் பெட்டியை நிலையத்து லாக்கரில் போட்டுவிட்டுப் பழைய நகரத்தின் மேட்டுப் பக்கம் ஏறினேன். கௌஷ்ட்ராஸே என்று ஒரு தெரு. நடந்து ஏறவே மூச்சு வாங்குகிறது, அதில் டிராம் வேறு அசராமல் ஏறிப் போகிறது. மேட்டின் உச்சியில் எண்கோணக் கோபுரத்தோடு நிற்கிறது புனித ஸ்டீபன் ஆலயம்.

ஸ்டீபனைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் முடியப்பர் என்பார்கள். கிரேக்கத்தில் ஸ்டெபனோஸ் என்றால் முடி, மகுடம். யாரோ ஒரு புண்ணியவான் அதை அப்படியே தமிழாக்கிவிட்டார். என்னோடு படித்த ஒருவனுக்கு அந்தப் பெயர் இருந்ததால் எனக்குத் தெரியும். அதனால் இனிமேல் இதை முடியப்பர் கோயில் என்றே சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. தப்பு என்னுடையதுதான். இது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை பங்கு மக்கள் வந்து கும்பிடும் பங்குக் கோயில் என்பது மண்டையில் ஏறவே இல்லை. கேமராப் பையை மடியில் மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜெர்மன் பிரசங்கத்தில் எனக்குப் புரிந்தது இரண்டு மூன்று வார்த்தை. ஆனால் யாரும் வாய் திறக்கும் முன்பே அந்த இடம் என்னைப் பிடித்துவிட்டது. வெளியே சாம்பல் பூத்த அக்டோபர் வெயில். உள்ளே எல்லாம் நீலம். சுவர் நீலம், தூண் நீலம், எனக்கு முன்னால் இருந்த பாட்டியின் நரைத்த கொண்டை கூட நீலம்.

நீலத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் கோயிலின் கதை.

990ஆம் ஆண்டளவில் இங்கே முதல் கோயிலைக் கட்டியவர் மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ். பேராயர் என்றால் மணி அடித்துப் பூசை வைப்பவர் மட்டுமில்லை, பேரரசின் தலைமை அமைச்சர் மாதிரி. இவர் வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன் என்றும், பிரபுக்கள் அதைக் கிண்டல் செய்து அவர் வீட்டுச் சுவரில் சக்கரம் வரைந்தபோது அதையே தன் சின்னமாக வைத்துக்கொண்டார் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். கதைதான். ஆனால் மைன்ஸ் நகரச் சின்னத்தில் இன்றும் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. வில்லிகிஸ் கட்டிய பேராலயம் 1009இல் அபிஷேக விழா சமயத்திலேயே தீப்பிடித்து எரிந்தது. இரண்டு வருடம் கழித்து, 1011இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அவரை அடக்கம் செய்தது இந்த முடியப்பர் கோயிலில்.

இன்று நிற்பது அவர் கட்டியது இல்லை. 1290 வாக்கில் ஆரம்பித்து 1335 வரைக்கும் எழுப்பிய கோத்திக் கட்டடம். சாதாரணமாகக் கோத்திக் கோயில்களில் நடுக்கூடம் ஓங்கி உயர்ந்திருக்கும், இரு பக்கக் கூடங்களும் தாழ்ந்திருக்கும், வெளிச்சம் நடுக்கூடத்தின் மேல் வரிசை ஜன்னல்களிலிருந்து இறங்கும். இங்கே மூன்று கூடங்களும் ஒரே உயரம். கல்யாண மண்டபத்தில் நிற்பது போல ஒரே விசாலம். மேலே ஜன்னலுக்கு இடமில்லை, அதனால் பக்கச் சுவர்களிலேயே நெடு நெடுவென்று ஜன்னல்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து ஆளையே நனைக்கிறது. இந்த அமைப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற கண்ணாடிக்காக எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே கொத்தனார்கள் இடம் போட்டு வைத்தது போல இருக்கிறது.

நடுவில் கோயில் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1857 நவம்பரில் பக்கத்திலிருந்த வெடிமருந்துக் கோபுரம் வெடித்தது. ஏறக்குறைய 150 பேர் செத்தார்கள், முடியப்பர் கோயிலும் மோசமாக அடிபட்டது. அப்புறம் இரண்டாம் உலகப்போர். 1945 பிப்ரவரி 27 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டுகளில் மைன்ஸ் நகரமே தரைமட்டம். போர் முடிந்தபோது முடியப்பர் கோயில் எரிந்த கூடாக நின்றது. மறுபடி கட்டியபோது நடுக்கூடத்தின் கல்வளைவுக் கூரையைத் திரும்ப எழுப்பவில்லை. அண்ணாந்து பார்த்தால் தட்டையாக ஒரு மரக்கூரை. வளைவைத் தாங்கப் பிறந்த தூண்களுக்கு மேலே பலகை. எனக்கு அது பிடிக்கவில்லை, வெளியே வரும்வரை பிடிக்கவில்லை.

இனி கண்ணாடி.

1965 முதல் இங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் கிளவுஸ் மையர். தகப்பன் வழியில் யூதர், நாஜிக் காலத்தில் அதற்கான அவமானங்களைப் பட்டவர். அவருக்கு 1973இல் ஓர் எண்ணம். கிழக்கு ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வேண்டும், அதை மார்க் ஷகால் செய்ய வேண்டும். ஷகால் உலகப் புகழ் பெற்ற ஓவியர், ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர், ஹிட்லர் காலத்தில் பிரான்ஸிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். அவரிடம் போய் ஒரு ஜெர்மன் கோயிலுக்கு ஜன்னல் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! மையர் கடிதம் எழுதினார். உடனே சரி என்ற பதில் வரவில்லை. மையர் விடவில்லை, தென் பிரான்ஸில் ஷகாலின் வீட்டுக்கே போய் வந்தார். கடைசியில் 1978 செப்டம்பரில் முதல் ஜன்னல் கிழக்கு நடுவில் ஏறியது. அப்போது ஓவியருக்கு 91 வயது. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் நடுவே ஒரு பாலமாகத்தான் இதைச் செய்து கொடுத்தார். ஆனால் மைன்ஸுக்கு ஒரு தடவை கூட வரவில்லை. 1985 மார்ச்சில் 97 வயதில் அவர் இறந்தபோது கடைசி ஜன்னல்களின் வேலையும் முடிந்திருந்தது. சில வாரங்கள் கழித்து அவற்றையும் பொருத்தினார்கள். மொத்தம் ஒன்பது. ஜெர்மனியில் வேறு எந்தக் கோயிலிலும் ஷகால் ஜன்னல் இல்லை.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் கிழக்கே போனேன். நடு ஜன்னலில் ஆபிரகாம் வீட்டுக்கு வந்த மூன்று வானதூதர்கள், ஈசாக்கைப் பலிகொடுக்கப் போகும் காட்சி, ஏணிக்கனவு காணும் யாக்கோபு, கற்பலகைகளோடு மோசே. எல்லாரும் நீலத்தில் மிதக்கிறார்கள். கோயில் ஜன்னல் என்றாலே வண்ணத்துண்டுகளும் அவற்றைப் பிரிக்கும் கறுப்பு ஈயக் கோடுகளும் என்று நினைத்திருந்தேன். இங்கே கோடு எங்கேயோ போகிறது, நிறம் அதைச் சட்டை செய்யாமல் எங்கேயோ போகிறது. கிட்டே நின்று பார்த்தால் ஒரே கண்ணாடித் துண்டுக்குள் கருநீலம் வெளிறி வெளிறி வெள்ளையாகிறது.

அதற்குக் காரணம் ரேம்ஸ் நகரக் கண்ணாடிப் பட்டறையின் ஷார்ல் மார்க். வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய வண்ணத்தோல் படிந்த ஒருவகைக் கண்ணாடி உண்டு. அமிலத்தால் அந்தத் தோலை அரித்தால், அரித்த அளவுக்கு நிறம் குறையும். மார்க் அரித்துக் கொடுக்க, ஷகால் அதன் மேல் கருஞ்சாயத்தைத் தூரிகையால் தீட்டினார். அந்தத் தூரிகை இழுப்பு ஒவ்வொரு மயிராகக் கண்ணாடியில் தெரிகிறது. ஷகாலுக்குப் பிறகு பக்கக் கூடங்களின் மற்ற ஜன்னல்களை மார்க் தானே செய்தார். அவற்றில் உருவங்கள் கிடையாது, அடங்கிய நீலம் மட்டும். முதலாளியோடு போட்டி போடாத அந்த அடக்கத்துக்காகவே எனக்கு மார்க்கைப் பிடித்துப்போனது.

மையர் 1991இல் ஓய்வு பெற்றார், பெற்றும் ஓயவில்லை. வருகிறவர்களை ஜன்னல் முன் உட்காரவைத்துப் படம் படமாக விளக்கிக்கொண்டே இருந்தாராம், பல வருடம். 2022 டிசம்பரில் 99 வயதில் காலமானார்.

ஒட்டினாற்போல உள்முற்றச் சுற்று மண்டபம் இருக்கிறது, 1462 முதல் 1499 வரை கட்டியது, பின்னல் பின்னலாகக் கல்வளைவு. அவசரமாக ஒரு சுற்று சுற்றினேன். அங்கே வெளிச்சம் வெறும் வெளிச்சமாக இருந்ததால் திரும்ப உள்ளே வந்துவிட்டேன். தெற்கு ஜன்னல் வழியே வெயில் இறங்கியிருந்தது. தூணில் ஒரு நீலத் திட்டு. கையை நீட்டினேன், உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. சில நிமிடத்தில் கையை நகர்த்தாமலே மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

படம் எடுக்கத்தான் முடியவில்லை. செல்போன் அந்த நீலத்தைச் சரிசெய்கிறேன் என்று கெடுத்துவிடுகிறது. இருபது முப்பது எடுத்ததில் சுமாரான ஒன்றை ரயிலிலிருந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“ஏண்டா, மீன் கண்காட்சிக்கா போனே?”