ஒன்பது காசு எண்ணெய்

ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, ஒரு லிட்டர்னா ஒரு கிலோதானே? இதுல 910 கிராம்னு போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?"

நானே ஒரு நொடி யோசித்துவிட்டேன். வாயால் விளக்குவதைவிட அளந்தே பார்த்துவிடலாம் என்று அந்த வார இறுதியில் ஆரம்பித்தோம்.

முதலில் தராசு. முப்பது சென்டிமீட்டர் மர ஸ்கேல், நூல், ஒரே அளவு தயிர் கப் இரண்டு. ஸ்கேலின் சரிநடுவில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும், திரும்பி வராமல் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. ஓட்டை ஸ்கேலின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் பக்கத்தில், அதாவது ஸ்கேலின் கனம் முழுக்க ஓட்டைக்குக் கீழே தொங்கும்படி இருக்க வேண்டும். இரண்டாவது ஸ்கேலில் அப்படிப் போட்டதும் ஒழுங்காக நின்றது. கொஞ்சம் மீதமிருந்த சாய்வை இலேசான கப்பின் அடியில் மெழுகு ஒட்டிச் சரி செய்தோம்.

எடைக்கல்லுக்கு ஐந்து ரூபாய் நாணயம். மஞ்சள் நிறத்தில் 23 மில்லிமீட்டர் அகலத்தில் வருவது சரியாக 6 கிராம். பத்து காசு 60 கிராம். கணக்குக்கும் சுலபம். ஆனால் உண்டியலைக் கொட்டிக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. பழைய வெள்ளைத் தடிக் காசு 9 கிராம், 2019-க்குப் பிறகு வந்த அகலமானது 6.74 கிராம். எல்லாம் ஐந்து ரூபாய்தான். நான் கலந்து போட்டுவிட்டு அரை மணி நேரம் தராசைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடையில் வாங்கிய 20 மில்லி சிரிஞ்சில் மூன்று முறை தண்ணீர் எடுத்து ஒரு கப்பில் விட்டோம், 60 மில்லி. பத்து காசுடன் சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தது, இன்னொரு ஒரு ரூபாய் நாணயம் சேர்த்த பிறகுதான் ஏறக்குறைய நேரானது. மூன்று கிராமுக்கு மேல் தவறு! இரண்டு கப்பிலும் உள்ளதை இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் தண்ணீர்ப் பக்கமே இறங்கியது, ஆக தராசு குற்றமற்றது.

தவறு சிரிஞ்சைப் படித்த விதத்தில். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பருக்குக் கூம்பு மாதிரி ஒரு முனை உண்டு. அவள் அந்த முனையை 20-இல் நிறுத்தியிருந்தாள். படிக்க வேண்டியது குழாய்ச் சுவரைத் தொடும் முதல் வளையத்தை. ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிக்கு மேல் கூடுதலாக வந்திருக்கிறது. திருத்தியதும் பத்து காசுக்குத் தராசு நேராக நின்றது. அவள் கைதட்டினாள், நானும்தான்.

அப்புறம் சிரிஞ்சைத் துடைத்துவிட்டு, அதே 60 மில்லி எண்ணெய். பத்து காசு வைத்தால் காசுப் பக்கம் இறங்கியது. ஒன்று எடுத்தோம். இப்போது எண்ணெய்ப் பக்கம் ஒரு இழை தாழ்ந்து நின்றது. ஒன்பது காசு 54 கிராம். பாக்கெட் கணக்குப்படி 54.6 வர வேண்டும். ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

லிட்டரும் கிலோவும் ஒன்று என்ற எண்ணம் தண்ணீரிலிருந்து வருவது. 1795-இல் பிரான்சில் கிராமை வரையறுத்ததே ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரை வைத்துத்தான். அந்த உறவு தண்ணீரோடு முடிந்துவிடுகிறது. படி, உழக்கு, ஆழாக்கு என்று பருமனுக்கு ஒரு வரிசை, பலம், வீசை என்று எடைக்கு வேறு வரிசை இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

சூட்டோடு சூடாகத் தேங்காயெண்ணெயைக் கொஞ்சம் ஃபிரிட்ஜில் உறைய வைத்தோம். கட்டியை உருகிய தேங்காயெண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? "மிதக்கும், ஐஸ் தண்ணில மிதக்குதுல்ல" என்றாள். கட்டி நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. உறையும்போது பெரும்பாலான பொருள்கள் சுருங்குகின்றன, அதனால் அடர்த்தி கூடுகிறது. தண்ணீர் மாதிரி ஒரு சில மட்டுமே விதிவிலக்காக விரிகின்றன. அவளுக்கு இது நம்பவே முடியவில்லை, மூன்று முறை போட்டுப் பார்த்தாள். எண்ணெய் எல்லாம் தரையில்.

கடைசியாக ஒரு சிறு உருளைக்கிழங்கு. எடை ஏழு காசு, 42 கிராம். பக்கவாட்டில் ஸ்ட்ரா செருகிய பாட்டிலில் முக்கியதும் வழிந்த தண்ணீர் 39 மில்லி. முதல் முயற்சியில் குறைவாகத்தான் வந்தது, கடைசிச் சொட்டுகள் ஸ்ட்ரா வாயிலேயே தொங்கிக்கொண்டு விழ மறுத்தன. ஸ்ட்ரா முனையில் துளி சோப்பு தடவியது உதவியது. 42-ஐ 39-ஆல் வகுத்தால் ஒரு மில்லிக்கு 1.08 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் தண்ணீரை அந்த அளவு கனமாக்கினால் கிழங்கு மிதக்க வேண்டும்.

200 மில்லி தண்ணீரில் காசு எடை கணக்கில் உப்பைக் கரைத்துக்கொண்டே போனோம். மூன்று காசு எடைக்கு அசைவே இல்லை. நான்காவதில் மேலேயும் போகாமல் கீழேயும் உட்காராமல் தடுமாறியது. ஐந்தாவது கரைந்ததும் கிழங்கின் தலை வெளியே தெரிந்தது. ராத்திரிக் குழம்புக்கு அந்தக் கிழங்கைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். போட்டேன். அதற்கு மட்டும் உப்பு தூக்கலாகவே இருந்தது.