பாரை முள்ளும் குளிசையும்

அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். இன்று திருக்கடலூரில் மீன் வாங்கும்போது பாரை முள் விரலில் குத்திவிட்டது. சின்னக் குத்துத்தான், ஆனால் லேஞ்சி நனைந்த பிறகுதான் இரத்தம் நின்றது. இரத்தம் உறையாமலிருக்க நான் போடும் அஸ்பிரின், குளோபிடோக்ரெல் குளிசைகள் இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை. பார்த்த அண்ணர் ஒருவர், "இப்ப நெஞ்சு நோ இல்லைத்தானே தம்பி, ஒன்றை விடுங்கோவன்" என்றார்.

நல்ல மனுசன், ஆனால் விடேலாது. உள்ளே இருப்பது கம்பி வலை. அதன்மேல் குழாயின் உட்தோல் படரும்வரை இரத்தம் உறைந்து அடைக்கலாம். எனக்கு ஒரு வருடம் இரண்டும், பிறகும் அஸ்பிரின் தொடரும். பல்லுப் பிடுங்குவதென்றாலும் இதய டாக்டரைக் கேட்டுத்தான்.

மனுசி குளிசைப் பெட்டியைத் தேத்தண்ணிக்குப் பக்கத்திலேயே வைக்கிறா. செவ்வாய்க்கிழமை மூடி மட்டும் உடைந்து போச்சு.