தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர்

2019 ஜூன் மாதம், நல்ல குளிரில் நியூகாசில் வந்து சேர்ந்தோம். இங்கிலாந்து நியூகாசில் இல்லை. ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருப்பது. தூத்துக்குடியில் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது பாதிச் சொந்தக்காரர்கள் நாங்கள் லண்டன் பக்கம் போகிறோம் என்றே நினைத்தார்கள். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க ஹார்பர் இருக்கா?" இருக்கிறது, நம்மூரைவிடப் பெரிது என்றேன். அவளுக்கு நிம்மதி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல் வந்து போகிற ஊரில் பிழைப்புக்குப் பஞ்சமிருக்காது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

சிட்னியிலிருந்து ரயிலில் வந்தோம். அந்த 160 கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஹாக்ஸ்பரி ஆற்றைத் தாண்டி, தண்ணீரை ஒட்டியே வளைந்து வளைந்து வருகிற பாதை என்பதால் முதல் தடவை யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. அதெல்லாம் ஐந்தாவது தடவைக்கு மேல்தான். 'நியூகாசில் இன்டர்சேஞ்ச்' என்ற போர்டைப் பார்த்து நான்கு பெட்டிகளோடு இறங்கி வெளியே வந்தால், ஊரைக் காணோம். அகலமான சாலை, பாதி எழும்பிய கட்டடங்கள், கிரேன்கள். ஊரின் பழைய நடுப்பகுதிக்கும் கடற்கரைக்கும் அங்கிருந்து இன்னும் போகவேண்டும். அதற்கென்று ஒரு சிவப்பு லைட் ரயில் நின்றிருந்தது. நான் டிராம் என்றே சொல்கிறேன், அதுதான் வாயில் வருகிறது.

அது ஓடத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மேலே மின்கம்பியே கிடையாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தலைக்கு மேல் கையை நீட்டிக் கொஞ்சம் மின்சாரம் ஏற்றிக்கொண்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போகிறது. மகளுக்கு அப்போது ஏழு வயது. "அம்மா, ட்ரெயின் ஜூஸ் குடிக்குது" என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஜூஸ் வண்டி.

மொத்தம் 2.7 கிலோமீட்டர், ஆறு ஸ்டாப். அதோடு அதன் உலகம் முடிந்தது. நாங்கள் வீடு எடுத்திருந்ததோ அதற்கு நேர் எதிர்த்திசையில்.

என் வீட்டுக்காரர் நர்ஸ். வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று எலர்மோர் வேல் என்ற இடத்தில் வீடு பிடித்தோம். மேடும் பள்ளமுமாக, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, பகலிலும் சத்தமில்லாத இடம். ரயில் இல்லை, ஜூஸ் வண்டியும் இல்லை, பஸ் மட்டும் உண்டு. ஊரில் நான் ஸ்கூட்டி ஓட்டியவள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, தேவைப்பட்டதும் இல்லை. மினி பஸ்ஸுக்குக் கையைக் காட்டினால் நிற்கும், அது போய்விட்டால் பின்னாலேயே இன்னொன்று ஹாரன் அடித்துக்கொண்டு வரும். இங்கே எங்கள் ஸ்டாப்பில் வார நாட்களில் அரை மணிக்கு ஒரு பஸ், ஞாயிறென்றால் மணிக்கு ஒன்று. ராத்திரிக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வருகிற பஸ்ஸும் நேராகப் போகாது. ஷாப்பிங் சென்டர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இன்னொரு ஷாப்பிங் சென்டர் என்று தெருத்தெருவாகக் கோலம் போட்டுவிட்டுத்தான் ஊருக்குள் நுழையும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வரைந்த பாதை. விளைவு, கார் வைத்திருக்கிற ஒருவர்கூட அதில் ஏறமாட்டார்.

மூன்றாவது மாதம் ஊரின் நடுப்பகுதியில், ஹன்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. காரில் போனால் இருபது நிமிடம். எனக்கு ஒரு மணி நேரம். பஸ் இன்டர்சேஞ்சுக்குள் திரும்பும்போது டிராம் கதவை மூடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சில நாள் கோபத்தில் நடந்தே போய்விடுவேன். அப்படி நடந்த நாட்களில்தான் இந்த ஊர் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது.

காரணம், அந்த நடை தண்ணீரை ஒட்டிய நடை. ஹனிசக்கிள் என்று பெயர். ஹன்டர் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்தான் துறைமுகம். அதன் கரையில் ஒரு காலத்தில் சரக்கு ரயில் யார்டுகளும் பட்டறைகளும் பழைய கப்பல் துறைகளும் இருந்தன. சுமார் 50 ஹெக்டேர் நிலம். 1989 டிசம்பரில் ஒரு நிலநடுக்கம் வந்து 13 பேர் இறந்தார்கள், ஊரின் நடுப்பகுதி விரிசல் விட்டது. 1992-இல் இந்தக் கரையைச் சீரமைக்கவென்றே அரசு ஒரு கழகத்தை அமைத்தது. 1999-இல் பிஎச்பி கம்பெனியின் இரும்பாலை மூடப்பட்டது. ஊரே இரும்பாலைச் சங்குக்கு எழுந்து படுத்த காலம் அதோடு முடிந்தது. இப்போது அந்தக் கரையில் அடுக்குமாடி வீடுகள், ஹோட்டல்கள், காபிக் கடைகள், அகலமான நடைபாதை. பழைய ரயில் பட்டறைச் செங்கல் கட்டடத்தை இடிக்காமல் மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் 1988-இல் கட்டிய குயின்ஸ் வார்ஃப். அங்கே ஒரு கோபுரம் இருந்ததாம். 2018-இல் இடித்துவிட்டார்கள். அதன் உருவத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஆச்சரியம் கப்பல்கள்தான். தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மகளாக இருந்தும், நிலக்கரிக் கப்பலை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அங்கே மதில், கேட், பாஸ். இங்கே ஒரு கையில் காபியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஒரு கட்டடம் நகர்ந்து போகிறது. ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டன் நிலக்கரி இந்த வாய்க்கால் வழியாகத்தான் வெளியே போகிறது. நாபிஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ள, மெதுவாக வளைந்து கடலுக்குப் போகும். வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினால், கப்பலின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "டிராஃப்ட் எவ்வளவு?" என்று கேட்பார், கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று.

சரி, இந்தக் கரைக்கும் என் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து வீட்டில் தேநீர் குடிக்கப் போனபோதுதான் அது புரிந்தது.

அங்கே ஒரு வயதான தம்பதி. அவர் இரும்பாலை மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். அந்தம்மா பக்கத்து ஊரான மெயிட்லாண்டில் பிறந்து வளர்ந்தவர். நான் கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூனைச் சாப்பிட்டபடி, "இன்டர்சேஞ்சில் ஏன் ரயில் நின்றுவிடுகிறது?" என்று சும்மா கேட்டேன். தேநீர் ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. இருவரும் ஐம்பது வருடமாகப் பழகிய சண்டைக்காரர்கள் போலத்தான் பேசினார்கள்.

முன்பு ரயில் கடற்கரைக்கு மிக அருகில், பழைய நியூகாசில் ஸ்டேஷன்வரை போனது. 1857-இல் தொடங்கிய பாதை அது. அந்தம்மா சின்ன வயதில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மெயிட்லாண்டில் ஏறினால், இறங்கிச் சில நிமிடத்தில் காலை அலையில் நனைத்துவிடுவாராம். 2014 டிசம்பர் 26-இலிருந்து அது இல்லை. விக்கம், சிவிக், நியூகாசில் என்று மூன்று ஸ்டேஷன்களை மூடினார்கள். எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தண்டவாளத்தைப் பெயர்க்க மாநில நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டும் என்று கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தீர்ப்பும் வாங்கினார்கள். ரயில் என்னவோ சொன்ன நாளில் நின்றது, அடுத்த வருடம் சட்டமும் வந்தது. அதே 2014-இல்தான் துறைமுகத்தை 98 ஆண்டுக் குத்தகைக்கு 175 கோடி டாலருக்கு விட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஊரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்க ஒதுக்கப்பட்டது, டிராம் அந்த வேலைகளில் ஒன்று. அதையும் எடுத்த தண்டவாளத்தின் மேலேயே போட்டிருக்கலாமே என்றார் அந்தம்மா. கொஞ்ச தூரம்தான் பழைய பாதை, மிச்சமெல்லாம் ஹன்டர் ஸ்ட்ரீட், ஸ்காட் ஸ்ட்ரீட் சாலைகளிலேயே ஓடுகிறது.

பெரியவர் கட்சி வேறு. "அந்தத் தண்டவாளத்து வேலி இருந்தவரை இந்த ஊருக்குத் துறைமுகம் இருந்ததே தெரியாது. அந்தப் பக்கம் போக நாலு இடத்தில்தான் வழி. இப்போ கடைத்தெருவில் நின்று திரும்பினால் தண்ணீர் தெரிகிறது" என்றார்.

எங்கள் ஊர் இரண்டாம் ரயில்வே கேட்டில் கால் கடுக்க நின்று வளர்ந்தவளுக்கு அவர் சொல்வது புரியாமல் போகாது. தண்டவாளம் ஊரை எப்படி இரண்டாகக் கிழிக்கும் என்று தூத்துக்குடிக்காரிக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். ஆனால் கேட்டுக்கு எங்கள் ஊரில் கேட்ட வைத்தியம் மேம்பாலம். ரயிலையே எடுத்துவிடுங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேலிதான் பிரச்சினை என்றால் வேலியைக் கடக்க வழிகளைக் கூட்டியிருக்கலாம். ரயிலை நிறுத்திக் கிடைத்த காட்சி, கரையிலேயே வீடு வாங்கியவர்களுக்கும் காரில் வந்து பார்க்கிங் தேடுகிறவர்களுக்கும் முழுசாகக் கிடைக்கிறது. மெயிட்லாண்டிலிருந்து துண்டோடு வருகிற பிள்ளைக்கு ஒரு தடவை வண்டி மாறுகிற வேலை கூடிவிட்டது. என்னைப் போல பஸ்ஸில் வருகிறவளுக்கும் அதே கதைதான். இதை அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை. அந்தம்மா எனக்கு இன்னொரு கப் ஊற்றினார், அவருக்கு ஊற்றவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது, தண்டவாளம் போடுவதும் பிடுங்குவதும் இந்த ஊருக்குப் பழக்கம்தான். 1887 முதல் 1950வரை இங்கே டிராம் ஓடியிருக்கிறது. நான் பஸ்ஸுக்குத் தவம் கிடந்த புறநகர்களில் சிலவற்றுக்கு அன்றே டிராம் போயிருக்கிறது. பெல்மாண்டுக்குப் போன ரயில் பாதை 1991-இல் மூடி, இன்று சைக்கிள் பாதை. அழகான சைக்கிள் பாதை, அதையும் சொல்லிவிடவேண்டும். இந்த ஊர் எதை இழந்தாலும் அதன்மேல் நல்ல நடைபாதை ஒன்றைப் போட்டுவிடுகிறது.

முதல் வருடத்தில் மறக்காத நாள் ஒரு ஞாயிறு. குயின்ஸ் வார்ஃபில் ஏறி, எதிர்க்கரை ஸ்டாக்டனுக்கு ஃபெர்ரியில் போனோம். இந்த ஊரில் நான் மனதாரப் பாராட்டுகிற வண்டி அது. சாலை வழியாகச் சுற்றினால் 20 கிலோமீட்டர், தண்ணீரில் சில நிமிடம். பஸ்ஸுக்கும் டிராமுக்கும் தட்டுகிற அதே ஓபல் கார்டு, தட்டினால் போதும். மகள் மூன்று தடவை போய்ப் போய் வரச் சொன்னாள். திரும்ப டிராம் பிடித்து இன்டர்சேஞ்ச் வந்தால், பஸ் நான்கு நிமிடத்துக்கு முன் போயிருந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. மழை பிடித்துக்கொண்டது, தெற்கிலிருந்து காற்று. வீட்டுக்காரருக்கு டூட்டி. அந்த அடுத்த பஸ்ஸும் வரவில்லை. ஏன் என்று சொல்ல அங்கே ஆளில்லை. மகள் என் துப்பட்டாவுக்குள் தூங்கிவிட்டாள். டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தை ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன்.

தைப்பூசத்துக்கு சிட்னி முருகன் கோயிலுக்குப் போன கதையும் ஏறக்குறைய இதேதான். சனி ஞாயிறில்தான் நமக்கு லீவு, சனி ஞாயிறில்தான் பாதையில் வேலை. பாதி வழியில் ரயிலை விட்டு இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். மொத்தம் நாலரை மணி நேரம். காவடி தூக்காத குறை.

அந்த மழை ஞாயிறுக்கு அடுத்த வாரம் எல் போர்டுக்குப் பணம் கட்டினேன். முப்பத்தெட்டு வயதில், மஞ்சள் அட்டையை முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு, எலர்மோர் வேல் மேடுகளில் வண்டியைப் பின்னால் உருளவிட்டுக் கற்றுக்கொண்டேன். முதல் டெஸ்டில் ஃபெயில். எல்லாம் செய்தேன், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டேன். நம்மூரில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், நாம் ஏன் திரும்பவேண்டும்? இரண்டாவது தடவை கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துப் பாஸ் செய்தேன்.

இப்போது வேலைக்குக் காரில்தான் போகிறேன். இருபது நிமிடம். பஸ்ஸில் ஒரு ஆள் குறைந்தது. அந்தக் கணக்கை வைத்து நாளைக்கு யாராவது இந்தத் தடத்துக்கு இவ்வளவு பஸ் எதற்கு என்று கேட்பார்கள். அது உறுத்தாமல் இல்லை. ஹனிசக்கிளில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றும்போது இன்னும் கொஞ்சம் உறுத்தும்.

போன ஞாயிறு மளிகை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, எங்கள் பழைய ஸ்டாப்பில் ஒரு பெண் பெட்டியும் பையுமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னலை இறக்கியதும் தமிழ் காதில் விழுந்தது. கோயம்புத்தூர்ப் பேச்சு. வண்டியை ஓரம் கட்டினேன்.

"பஸ் வருமுங்களா அக்கா?"

"வரும். நாலு இருபத்தொன்பதுக்கு." டைம்டேபிள் இன்னும் மனப்பாடமாகத்தான் இருக்கிறது. அப்போது மணி மூன்று நாற்பது.

"ஏறும்மா" என்றேன். பின்சீட்டில் கிடந்த அரிசி மூட்டையை மகள் நகர்த்தி இடம் விட்டாள்.