மூடினால் ஊமையாகும் கிட்டார்

நானே செய்த முதல் எலக்ட்ரிக் கிட்டாரில் மரவேலையைவிட அதிகம் படுத்தியது கேபிள் செருகும் ஒரு சின்ன ஜாக்தான்.

மரவேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுத்தை ஃபிரெட் (குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) அடித்ததாகவே வாங்கிக்கொண்டு, உடலை மட்டும் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் அறுத்தேன். தப்பவே கூடாத அளவு ஒன்று உண்டு. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை 324 மி.மீ.; அங்கிருந்து, உடலின் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் சேடிலுக்கும் அதே 324. சுருதி சேர்க்கும்போது சேடிலைப் பின்னே நகர்த்த வேண்டிவரும் என்பதால் அதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். துளை போடும் முன் ஓரத் தந்திகள் போகும் வழியில் நூல் கட்டி, கழுத்தின் இரு விளிம்பிலிருந்தும் தூரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் வயரிங். ரீங்காரம் குறையட்டும் என்று உடலின் குழிகளில் எல்லாம் செம்பு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தேன். திருகாமல் மேசையில் பரப்பிவைத்து ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகினேன். தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் மூன்று பிக்கப்பும் பேசின. எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் திருகினேன். சத்தமே இல்லை! கழற்றினால் வருகிறது, மூடினால் போய்விடுகிறது.

சால்டரிங்கில்தான் குறை என்று நினைத்து, வால்யூம் பாட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழுள்ள உறுப்பின்) முதுகில் இருந்த எர்த் பற்றுகளை எல்லாம் திரும்ப வைத்தேன். மல்டிமீட்டரை ஜாக்கின் இரு முனைகளிலும் வைத்தால் 6 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புக்கு அது சரியான அளவுதான். இப்படியே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள், கேபிளைச் செருகிவிட்டு அதன் மறுமுனையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். கேபிளை உருவி ஜாக்கிலேயே வைத்தால் மறுபடி 6 கிலோ ஓம். அப்போதுதான் விளங்கியது. பிளக் நுழையும்போது ஜாக்கின் வளைந்த தகடு வெளிப்பக்கமாக விலகுகிறது. குழி குறுகலாக இருந்ததால் அந்தத் தகடு சுவரிலிருந்த செம்பு டேப்பில் போய் முட்டி, சிக்னல் முழுவதும் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளக் இல்லாமல் எத்தனை முறை அளந்தாலும் இந்தக் குறை கண்ணில் படாது. ஜாக்கைத் திருப்பி, தகடு விலகும் பக்கத்தைக் குழியின் அகலமான பக்கம் பார்க்க வைத்தேன். அந்தச் சுவரின் மேல் இன்சுலேஷன் டேப்பும் ஒட்டினேன். சத்தம் வந்துவிட்டது. அன்று நள்ளிரவு தாண்டியும் வாசித்தேன்.

இன்னொரு குறை மறுநாள் காதில் பட்டது. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலைச் சுவிட்சின் 2, 4ஆம் நிலைகளில், அதாவது நடுப் பிக்கப் பக்கத்துப் பிக்கப்போடு சேரும்போது, ஒலி மெலிந்து மூக்கால் பாடுவதுபோல் இருந்தது. ரீங்காரமோ தனிப் பிக்கப்பைவிடக் கூடுதல். என் நடுப் பிக்கப் காந்தமும் கம்பிச் சுற்றும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் அமைந்த வகை; மற்றதோடு சேர்ந்தால் ரீங்காரம் கழிந்துபோக வேண்டும், தந்தியின் ஒலி கூட வேண்டும். நான் அதன் இரு வயர்களையும் மாற்றிப் பற்றவைத்திருந்ததால் எல்லாமே தலைகீழ். ஒலி கழிந்து ரீங்காரம் கூடியிருக்கிறது. வயர்களை இடம் மாற்றியதும் இரண்டும் ஒன்றாகச் சரியாயின. மெலிந்த ஒலியும் கூடிய ரீங்காரமும் சேர்ந்தே வந்தால் முதலில் இந்த வயர்களைப் பாருங்கள்.

தந்தியைத் தொட்டால் ரீங்காரம் தணிகிறது; பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் சரி என்று அர்த்தம். தொட்டதும் கூடினால் ஜாக்கின் இரு வயர்களும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே பிக்கப் மட்டும் ஒலிக்கும் 1, 3, 5ஆம் நிலைகளில் லேசான ரீங்காரம் இன்னும் இருக்கிறது. சிங்கிள் காயிலின் இயல்பு அது. அதைப் போக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இரண்டு காயில் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எனக்கோ இந்தப் பிக்கப்புகளின் கணீரென்ற ஒலியை விட்டுக்கொடுக்க மனமில்லை. அடுத்த கிட்டாருக்கு மரம் வாங்கியாகிவிட்டது. அதன் ஜாக் குழியை முதலிலேயே அகலமாகக் குடையப் போகிறேன்.