அப்பா நடிகர் என்பதற்கு ஆதாரம்

"ஐயா இத்தனை வருஷமா வேஷம் கட்டுறார்ங்கறதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்த அலுவலர் தன்மையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. அப்பா 41 வருடம் தெருக்கூத்து ஆடியவர். பென்னாகரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்ற தைரியத்தில் போயிருந்தேன். கையில் ஒரு தாள்கூட இல்லை.

நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்குத்தான் அந்த விண்ணப்பம். 58 வயது கடந்திருக்க வேண்டும், அப்பாவுக்கு 67. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வேறு. 2007இல் வந்த அந்த வாரியத்தில் பிள்ளைகள் படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு உதவி உண்டு. மாதத் தொகைக்குத் தனியாகத்தான் எழுதிப் போட வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, சேலத்தில் இருக்கும் மண்டலக் கலை பண்பாட்டு மையத்துக்கு ஒரு நடை வீணாக அலைந்தேன். இனிப் போகிறவர்கள் எதற்காகப் போகிறோம் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் ஒரு தடவை திரும்பி வந்தது. திருத்தியபின் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போய்ச் சரியாகிவிட்டது.

பெரிய வேலை அந்த ஆதாரம்தான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு, அவர் ஆடிய ஊர்களுக்கு பஸ் ஏறினேன். பாப்பாரப்பட்டி, இண்டூர், பாலக்கோடு, காரிமங்கலம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பக்கம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துக் கூத்து நடத்தும்போது நோட்டீஸ் அடிப்பார்கள். எந்த வேஷம் யார் என்று அதில் இருக்கும். அதைத்தான் தேடினோம்.

ஒரு ஊரில் கோயில் பெட்டியிலிருந்து பழைய நோட்டீஸ்களை எடுத்துக் கொடுத்தார்கள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. 1986ஆம் வருட நோட்டீஸில் பாஞ்சாலி என்பதற்கு எதிரே அப்பா பெயர். அதைப் பார்த்த ஒரு பாட்டி, "துகில் அன்னிக்கு எங்களையெல்லாம் அழ வெச்சது நீயாப்பா?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் போன ஊரில் அதை நம்பவே மாட்டேன் என்றார்கள். அவர்களுக்கு அப்பா துரியோதனன். துரியோதனன் சாகும் படுகளத்தன்று அவர் போட்ட சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டதாம். மூன்றாவது ஊரில், கூத்தை நடத்திக்கொண்டே சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் என்றால்தான் தெரிந்தது.

மூன்று பேரும் ஒரே ஆள் என்று எந்த ஊருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

முப்பது வயது தாண்டும் வரை அப்பா பெண் வேஷம்தான் கட்டினார். அம்மாவின் கல்யாணப் புடவைதான் பாஞ்சாலிக்கு. குரல் தடித்ததும் கூத்து வாத்தியார் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் எடுத்துக் கொடுத்து துரியோதனனுக்கு மாற்றினார். இராத்திரி பத்து மணிக்குக் கட்டினால் விடியும் வரை அந்தக் கனத்தோடு சுழன்று கிறுகி ஆட வேண்டும். முழங்கால் போனபிறகு கட்டியக்காரன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்பார். "ராஜாவுக்குப் பாட்டு இருக்கு, விருத்தம் இருக்கு. கட்டியக்காரனுக்கு அன்னிக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சோ அதான் வசனம்."

சினிமாவும் உண்டு. ஒகேனக்கல்லில் படப்பிடிப்பு நடந்தபோது ஏஜென்ட் வந்து கூப்பிட்டார். பரிசல்காரர் வேஷம், ஒரே ஒரு வரி. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல் அது. "ஐயா, மைக் பக்கத்துலயே இருக்கு, மெதுவாப் பேசுங்க" என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து, அந்த வரியை எதிரில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கூத்தில் முகத்து அரிதாரமே பாதி நடிக்கும். இங்கே வெறும் முகத்தோடு சும்மா நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் இன்னும் மூன்று படங்களில் தலைகாட்டினார். டீக்கடைக்காரர், பூசாரி, பெண்ணுக்குத் தாத்தா. எதற்கும் ஒப்பந்தம் கிடையாது, அன்றன்றைக்குக் கூலி.

எம்.ஆர்.ராதா, டி.எஸ்.பாலையா எல்லாம் நாடகக் கம்பெனியில் வளர்ந்துதானே சினிமாவுக்கு வந்தார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தோம். "அவங்களை சினிமா பிடிச்சு வெச்சிடுச்சு. எங்க ஆட்டம் விடிஞ்சா கலைஞ்சிடும்மா" என்றார் அப்பா.

கடைசியில் ஒன்பது நோட்டீஸ் தேறியது. மூன்று கோயில் கமிட்டிகள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தன. காலமாகிவிட்ட வாத்தியாரின் மகன், அப்பா எந்த வருடம் கூத்து செட்டில் சேர்ந்தார் என்று கடிதம் கொடுத்தார். பரிசல் காட்சியை என் பையன் போனில் நிறுத்திப் படம் பிடித்து, கலர் பிரிண்ட் போட்டுத் தந்தான். நோட்டீஸில் ஊர்ப்பெயரோடு சேர்ந்த மேடைப் பெயர், ஆதாரில் தாத்தா வைத்த பெயர். இரண்டும் ஒருவரே என்று கமிட்டிக் கடிதத்திலேயே எழுதச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு வாங்காமல் விட்டிருந்தால் மறுபடி அலைச்சல்தான்.

ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. முதல் பணம் ஏறிய அன்று அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தார். பழைய புடவைக்குப் பதில் என்று அம்மா சொன்னதற்கு ஒன்றும் பேசவில்லை.

இப்போது ஒரு நோட்டுப் போட்டு ஊர், வருடம், வேஷம் என்று எழுதி வருகிறேன். போன வாரம் இராத்திரி பதினோரு மணிக்கு என்னை எழுப்பினார். "மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு ஊரை விட்டுட்டமே. அங்கதான் முதல்முதலா துரியோதனன் கட்டினேன்" என்றார். லைட்டைப் போட்டு எழுதிக்கொண்டேன்.